கட்டியங்காரன் கேட்ட கேள்வி: படப்புத்தகத்தை வைத்து வீட்டில் வாசிப்பும் கதையும், ஒரு முழு வழிகாட்டி

வடஆற்காட்டுப் பக்கம் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு, வேஷங்களைக் கேள்வி கேட்டுச் சிரிக்க வைக்கும் கட்டியங்காரனைத் தெரியும். திரைக்குப் பின்னால் துரியோதனன் வேஷம் சலங்கை குலுங்க நிற்கும். அது யாரென்று ஊருக்கே தெரியும். ஆனாலும் கட்டியங்காரன் ஒன்றும் தெரியாதவன் போல முன்னால் வந்து, "யாரு நீ? எந்த ஊரு? இங்க இன்னா வேலை?" என்று கேட்பான். அவன் கேட்பதால்தான் ராஜா வாயைத் திறந்து தன் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. படப்புத்தகத்தை வைத்துப் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லித் தருவதில் எனக்குப் பிடிபட்ட ஒரே வித்தை இதுதான். பெரியவர் கட்டியங்காரன், பிள்ளைதான் ராஜா.

இது பிடிபட எனக்கு ஒரு வருஷம் ஆனது. காட்பாடியில் எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலரை. இருவருக்கும் வீட்டிலேயே படிப்பு. ஆரம்பத்தில் நான் புத்தகத்தைத் திறந்ததுமே எழுத்தின் மேல் விரலை வைத்து "இது என்ன எழுத்து?" என்று கேட்பேன். பெரியவள் மூன்று நாள் பதில் சொன்னாள். நாலாம் நாள் புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "தொலைஞ்சு போச்சு" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. படத்தில் ஒரு யானை குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதை விட்டுவிட்டு ‘யா’வைப் பார் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

கீழே சொல்வது மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரைக்குமான முறை. முழுநேரமும் வீட்டில் படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். பள்ளி விட்டு வந்தபின் மாலையில் அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்களும் அப்படியே செய்யலாம்.

முதலில் புத்தகம்

பத்துப் பன்னிரண்டு புத்தகம் போதும். அலமாரி நிறைய வாங்கி அடுக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகள் ஒரே புத்தகத்தை நாற்பது தடவை கேட்பார்கள். நமக்குத்தான் சலிக்கும்.

செலவில்லாமல் தொடங்க வேண்டுமென்றால், பிள்ளைகளுக்கான புத்தகம் வெளியிடும் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையதளம் இருக்கிறது. 2015-இல் தொடங்கியது. தமிழில் ஏராளமான படக்கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முதல் நிலையில் பக்கத்துக்கு ஒரு வரி, சில சமயம் ஒரே சொல். எல்லாமே திறந்த உரிமத்தில் வருவதால் இறக்கி, அச்செடுத்து, வெட்டி ஒட்டலாம். யாரும் கேட்க மாட்டார்கள். அச்சுப் புத்தகத்துக்குச் சென்னையின் தூலிகா, தாரா பதிப்பகங்கள், அப்புறம் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடும் நேரு பால புத்தகாலய வரிசை. மாவட்டத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது இவற்றில் பலவற்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து வாங்கலாம். படப்புத்தகத்தைப் புரட்டாமல் வாங்கக் கூடாது என்பது என் கட்சி. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக வந்த சின்னச் சின்னப் புத்தகங்கள் கிடைத்தால் விடாதீர்கள். தமிழிலேயே யோசித்து எழுதிய கதைகள், பிள்ளைகள் பேசுகிற வாக்கியங்கள்.

போனில் காட்டலாமா என்று கேட்பார்கள். காட்டலாம், ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்குப் பக்கம் திருப்புவது ஒரு பெரிய வேலை. அடுத்த பக்கத்தில் என்ன என்ற ஆவலே விரல் நுனியில்தான் இருக்கிறது. போனில் அது ஒரு தள்ளலில் தீர்ந்துவிடும். நான் அச்செடுத்து, நடுவில் ஊசியால் தைத்துக் கொடுக்கிறேன்.

வாங்கும் முன் இரண்டு சோதனை. ஒன்று, எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பார்த்துப் பக்கங்களைத் திருப்புங்கள். கதை ஓரளவு புரிய வேண்டும், கூடவே எழுத்தில் இல்லாத ஏதோ ஒன்று படத்தில் இருக்க வேண்டும். மூலையில் ஒரு பூனை, காயப்போட்ட துணியில் ஒற்றைக் காலுறை, இப்படி. எழுத்து சொல்வதையே படமும் திருப்பிச் சொன்னால் பேச ஒன்றும் இருக்காது. இரண்டு, ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். மொழிபெயர்ப்புப் புத்தகங்களில் பல இங்கேதான் விழும். "ஓ, எவ்வளவு அழகான ஒரு நாள் இது!" என்று எந்தத் தமிழ் ஆடு சொல்லும்? படம் பிரமாதமாக இருந்து தமிழ் மோசமாக இருந்தால் வாங்கிக்கொண்டு, எழுத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி நம் வாக்கியத்தை எழுதிவிடலாம். எங்கள் வீட்டில் அப்படி மூன்று புத்தகம் இருக்கிறது.

படத்தோடு ஒரு நாள்

புதுப் புத்தகம் வந்த அன்று வாசிப்பு கிடையாது. படம் மட்டும்தான். இதைக் கடைப்பிடிப்பது பெரியவர்களுக்குக் கஷ்டம். கண் தானாக எழுத்துக்குப் போகும், வாய் தானாகப் படிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு அந்தப் பக்கத்தில் தெரிவது படம் மட்டும்தானே, அந்த ஒரு நாள் நாமும் எழுத்துத் தெரியாதவர்கள்.

பிள்ளையை மடியிலோ பக்கத்திலோ உட்கார வைத்து, புத்தகத்தை அதன் கையில் கொடுங்கள். அட்டையில் தொடங்குங்கள். அப்போதுதான் கட்டியங்காரன் வர வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு குரங்குப் புத்தகத்தின் அட்டையில் நடந்த பேச்சு இது:

"இது இன்னாடா, நாய் மரத்து மேல ஏறிக்கினு இருக்குது?"

"ஐயோ அம்மா, அது நாய் இல்ல. கொரங்கு."

"கொரங்கா? அப்ப ஏன் தொப்பி போட்டுகினு இருக்குது? கல்யாணத்துக்குப் போவுதா?"

"இல்ல. அது எவன்கிட்டயோ திருடிகினு வந்துட்ச்சு. அதான் பின்னாடி பார்க்குது. அவன் வரானான்னு."

கடைசி பதிலைக் கவனியுங்கள். குரங்கு பின்னால் திரும்பிப் பார்ப்பதைச் சின்னவன் கண்டுபிடித்து, அதற்கு ஒரு காரணத்தையும் தானே சேர்த்துவிட்டான். "இது என்ன மிருகம்?" என்று நான் வாத்தியார் மாதிரி கேட்டிருந்தால் "கொரங்கு" என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்திருக்கும். நான் தப்பாகச் சொன்னதால் திருத்த வேண்டிய பொறுப்பு அவனுக்கு வந்தது. திருத்த வேண்டுமானால் படத்தை உற்றுப் பார்த்தாக வேண்டும்.

அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் 1988-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகளின் பெற்றோரில் ஒரு பாதியிடம் வழக்கம்போலப் படித்துக் காட்டச் சொன்னார்கள். மறுபாதியிடம் திறந்த கேள்வி கேட்டு, பிள்ளை சொன்னதை நீட்டிச் சொல்லி, மறுபடி பேச வைத்துப் படிக்கச் சொன்னார்கள். ஒரே மாதத்தில் இரண்டாவது கூட்டத்துப் பிள்ளைகளின் பேச்சு முந்திவிட்டது. படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதைத்தானே நம் கட்டியங்காரன் திரௌபதி அம்மன் கோயில் முன்னால் விடிய விடியச் செய்கிறான்?

அந்த முறையில் ‘நீட்டிச் சொல்வது’ என்ற பகுதியை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். பிள்ளை "பெரிய மரம்" என்றால் நாம் "ஆமா, பெரிய ஆலமரம், விழுது தரையைத் தொடுது" என்று இரண்டு சொல் கூட்டிச் சொல்வது. அவ்வளவுதான். "எங்கே, சொல்லு, விழுது" என்று ஒப்பிக்க வைக்க வேண்டாம். அடுத்த தடவை அதே பக்கம் வரும்போது அந்தச் சொல் அதன் வாயிலிருந்து தானாக வரும். ஒரு வாரம் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம்.

கேள்விக்கு ஓர் அளவும் உண்டு. பக்கத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பிள்ளை பக்கத்தைத் திருப்ப ஆரம்பித்தால் நம் கேள்வி முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாம் நாள்: வாய்விட்டுப் படிப்பது

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் பேசுவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது ஒன்று. வேலூர்ப் பிள்ளை வீட்டில் கேட்பது "வந்துகினு இருந்தான்". புத்தகத்தில் "வந்துகொண்டிருந்தான்". ஒரு தடவை "நரி ஓடிவிட்டது" என்று படித்தேன். சின்னவன் உடனே கேட்டான், "எதை விட்டுச்சு?" அவனுக்கு ‘ஓடிட்ச்சு’ தெரியும். ‘ஓடிவிட்டது’ என்றால் நரி ஓடிப்போய் எதையோ விட்டுவிட்டு வந்திருக்கிறது.

பலர் இதற்கு இரண்டு வழிதான் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். ஒன்று, எல்லாவற்றையும் பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லிவிடுவது. அப்படிச் செய்தால் பிள்ளைக்குக் கதை புரியும், ஆனால் எழுத்துத் தமிழ் காதில் விழாது. பின்னால் தானாகப் படிக்க வரும்போது அந்நிய மொழி மாதிரி இருக்கும். மற்றொன்று, அச்சில் உள்ளபடி மட்டும் படிப்பது. அப்படிச் செய்தால் நாலு வயதுப் பிள்ளை பாதியில் எழுந்து போய்விடும். நான் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறேன். முதல் நாள் படத்தைப் பற்றிய பேச்சு முழுக்க நம் வீட்டுத் தமிழில். கதை அங்கேயே புரிந்துவிடுகிறது. இரண்டாம் நாள் படிக்கும்போது அச்சில் உள்ளது உள்ளபடி, ஒரு சொல்லும் மாற்றாமல். கதை ஏற்கெனவே தெரிந்ததால் ‘ஓடிவிட்டது’ பயமுறுத்தாது. புரியாத முகம் தெரிந்தால் பக்கம் முடிந்த பிறகு வீட்டுத் தமிழில் ஒரு தடவை சொல்லுங்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

இதில் எதிர்பாராத ஒரு லாபமும் உண்டு. ஒரு மாதம் கழித்துச் சின்னவன் தன் பொம்மைக் காரைத் தள்ளிக்கொண்டு, "பஸ் மலை மேல் ஏறிக்கொண்டிருந்தது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். ஏலகிரி போய் வந்த நினைப்பு. கதை என்றால் ஒரு தமிழ், சோறு கேட்க ஒரு தமிழ் என்று பிள்ளைகள் தாமாகவே புரிந்துகொள்கிறார்கள்.

வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் பல வீடுகளில் உருது பேசுவார்கள். குடியாத்தம், காட்பாடியிலிருந்து ஆந்திர எல்லை வரை தெலுங்கு பேசும் வீடுகளும் நிறைய. அங்கெல்லாம் முதல் நாள் படப்பேச்சை வீட்டு மொழியிலேயே வைத்துக்கொள்ளலாம். ஸ்டோரிவீவரில் ஒரே கதை பல மொழிகளில் கிடைக்கும் என்பதால் தெலுங்கிலோ உருதுவிலோ ஒன்று, தமிழில் ஒன்று என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

படிக்கும் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். பக்கம் திருப்பும் முன் ஒரு மூச்சு நிறுத்துங்கள். நல்ல படப்புத்தகத்தில் திருப்பம் எப்போதும் பக்கத்தின் கடைசிச் சொல்லுக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில்தான் ஒளிந்திருக்கும். அந்த இடைவெளியில் "அப்புறம்?" என்று பிள்ளை கேட்டால் புத்தகம் வேலை செய்கிறது.

எழுத்துக்குப் போவது

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கதை பிள்ளைக்கு மனப்பாடம் ஆனபின் எழுத்துக்கு வரலாம். "மனப்பாடமா ஒப்பிக்குது, படிக்கல" என்று எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு உறவினர் குறைபட்டுக்கொண்டார். அது குறையே இல்லை. எந்தப் பக்கத்தில் எந்த வாக்கியம் என்று தெரிந்த பிள்ளைக்கு, சொன்ன சொல்லையும் கண்ட எழுத்தையும் பொருத்திப் பார்ப்பது சுலபம். விரலை வைக்கச் சொல்ல வேண்டியது இப்போதுதான். அதுவும் அதன் விரலை, நம் விரலை அல்ல.

247 எழுத்தும் முடியட்டும், பிறகு புத்தகம் என்று காத்திருக்காதீர்கள். ஒரு புத்தகத்தில் அடிக்கடி வரும் மூன்று நான்கு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதி அட்டையாக வெட்டுங்கள். ‘குரங்கு’, ‘தொப்பி’, ‘மரம்’. முதல் நாள் அட்டையைப் புத்தகத்துச் சொல்லோடு பொருத்துவது, அடுத்த நாள் படத்தின் மேல் வைப்பது, மூன்றாம் நாள் புத்தகம் இல்லாமல் அட்டையை மட்டும் படிப்பது. பிறகு அட்டையைக் கத்தரித்து எழுத்துகளாகப் பிரித்து மறுபடி அடுக்குவது. கத்தரிப்பது பிள்ளையின் வேலை. அதில்தான் அவர்களுக்கு ஆனந்தம்.

தடுக்கும் இடங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். முதலாவது கொம்பு. ‘தொப்பி’யில் கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக் கொம்பு, பிறகு த, பிறகு கால். ஆனால் வாயில் முதலில் வருவது த். இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, கொம்பைத் தாண்டிப் போய்த் திரும்பி வா என்றால் பிள்ளை குழம்பத்தான் செய்யும். நான் மாட்டை வரைந்து காட்டினேன். கொம்பு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், ஆனால் குரல் கொடுப்பது மாடுதான். கொம்பைப் பார்த்ததும் பேசாதே, மாடு வரட்டும். பெரியவள் இன்றும் ‘கொ’ வந்தால் "மாடு" என்று முணுமுணுத்துவிட்டுப் படிக்கிறாள்.

இரண்டாவது, ஒரே எழுத்துக்குப் பல ஒலி. ‘பல்’லில் உள்ள ப வேறு, ‘பாம்பு’வின் கடைசி ப வேறு. ‘பஸ்’ஸிலோ முதல் எழுத்தே ‘பாம்பு’வின் கடைசி ப மாதிரி ஒலிக்கும். இதற்கு விதி சொல்லிக்கொடுப்பதை விட்டுவிடுங்கள். படப்புத்தகம் இருக்கும்போது அது தேவையே இல்லை. பாம்பின் படம் எதிரே நெளியும்போது எந்தப் பிள்ளையும் அதைத் தப்பாக உச்சரித்துவிட்டுச் சும்மா இருக்காது.

மூன்றாவது, நீண்ட சொற்கள். ‘பார்த்துக்கொண்டிருந்தது’ என்ற சொல்லைக் கண்டாலே ஆறு வயதுப் பிள்ளை மூச்சுவிட மறந்துவிடும். ஒரு அட்டைத் துண்டால் மறைத்து, ‘பார்த்து’ மட்டும் தெரிய வையுங்கள். அது தெரிந்த சொல். பிறகு ‘கொண்டு’, பிறகு ‘இருந்தது’. மூன்றும் தெரிந்தவைதான், கை கோத்து நிற்பதால் ஒன்றாகத் தெரிகின்றன. காட்பாடி ஜங்ஷனில் கூட்ஸ் வண்டியைப் பார்த்துப் பெட்டி எண்ணுகிற பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடித்துப்போகும். நாங்கள் இதை ‘கூட்ஸ் சொல்’ என்றுதான் சொல்கிறோம்.

ர, ற வேறுபாடு, ல ள ழ, ந ன ண எல்லாம் இப்போது வேண்டாம். படிக்கும்போது அவை தடுப்பதில்லை, எழுதும்போதுதான் தடுக்கும். எழுதுவது வேறு கதை.

பிள்ளை தானாகப் படிக்கிற புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்றால், ஒரு பக்கத்தில் இரண்டு சொல்லுக்கு மேல் திணறினால் அது இன்னும் நாம் படித்துக் காட்ட வேண்டிய புத்தகம். எட்டு வயதில் தானாகப் படிக்கும் பிள்ளைக்கும் நாம் படித்துக் காட்டுவதை நிறுத்த வேண்டாம். காதுக்கு எட்டுகிற கதை எப்போதும் கண்ணுக்கு எட்டுகிற கதையைவிட ஒரு படி மேலேதான் இருக்கும்.

கூத்து கட்டுவது

இதுதான் எங்கள் வாரத்தின் உச்சம். ஐந்தாம் நாள் சாயங்காலம் பழைய பருத்திப் புடவையை இரண்டு நாற்காலிக்கு நடுவே கட்டுகிறோம். புத்தகத்தை மூடி வைத்துவிட வேண்டும். பிள்ளை திரைக்குப் பின்னால், நான் முன்னால்.

"ஆரு அங்க? திரைக்குப் பின்னால ஆரு?"

"நான்தான் தொப்பி வியாபாரி வந்திருக்கேன்!"

"எந்த ஊரு வியாபாரி? எங்க போற?"

"ஆற்காட்டுலேர்ந்து வரேன். வாலாஜா சந்தைக்குப் போறேன்!"

ஊர்ப் பெயர் புத்தகத்தில் இல்லை. அது பெரியவள் தானாகச் சேர்த்தது. கட்டியங்காரன் வரிசையாகக் கேட்கும் கேள்விகளில்தான் கதையின் எலும்புக்கூடு இருக்கிறது. யார் நீ, எங்கிருந்து வருகிறாய், என்ன வேண்டும், யார் குறுக்கே வந்தார்கள், அப்புறம் என்ன செய்தாய், கடைசியில் கிடைத்ததா. இந்த ஆறு கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டால் பிள்ளை முழுக் கதையைச் சொல்லி முடித்துவிட்டது. ‘கதையைச் சுருக்கிச் சொல்’ என்று கேட்டால் திக்கும் பிள்ளை, திரைக்குப் பின்னால் இருந்தால் கடகடவென்று சொல்லும். முகம் தெரியாததால் கூச்சமும் இல்லை.

பழகியபின் வேஷத்தை மாற்றுங்கள். இன்று வியாபாரி சொன்ன கதையை நாளை குரங்கு சொல்லட்டும். குரங்கின் பக்கத்திலிருந்து பார்த்தால் வியாபாரிதான் மரத்தடியில் வந்து தூங்கித் தொந்தரவு கொடுத்தவன். ஒரே நிகழ்ச்சி இரண்டு வாயில் இரண்டு கதை ஆகிறது. மகாபாரதத்தையே துரியோதனன் சாகும் படுகளக் கூத்தில் மண்ணில் படுத்துக் கிடக்கும் அவன் பக்கம் நின்று அழுது பார்க்கிற ஊர் நம்முடையது. பிள்ளைகளுக்கு இது புதிதல்ல.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கட்டாயம் இழுத்துவிடுங்கள். எங்கள் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, எழுத்துத் தெரியாது. படப்புத்தகத்தைக் கையில் கொடுத்தபோது "எனக்கு இன்னா தெரியும்" என்று தள்ளினார். ‘படத்தைப் பார்த்து மட்டும் சொல்லு ஆயா’ என்றதும் அந்தக் குரங்கை வைத்து அரை மணி நேரம் ஓட்டினார். அமிர்தி காட்டுக் குரங்கு ஒன்று தன் அண்ணன் கையிலிருந்த கட்டுச்சோற்றைப் பிடுங்கிய கதை அதில் வந்து சேர்ந்தது. எழுத்தில்லாத, படம் மட்டுமே உள்ள புத்தகங்கள் இப்படிப்பட்ட வீடுகளுக்கு வரப்பிரசாதம்.

நம் கையால் ஒரு புத்தகம்

ஒரு ஏ4 தாளில் எட்டுப் பக்கப் புத்தகம் செய்யலாம். தாளை மூன்று தடவை பாதி பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் விழும், நீளவாக்கில் நாலு, இரண்டு வரிசை. இப்போது குறுக்காகப் பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டம் அளவுக்குக் கத்தரியுங்கள். பிரித்தால் தாளின் நடுவில் இரண்டு கட்ட நீளத்துக்கு ஒரு வெட்டு தெரியும். இனி நீளவாக்கில் மடித்து, இரு முனையையும் உள்நோக்கித் தள்ளினால் வெட்டு விரிந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும். ஒரு பக்கமாகச் சுற்றி மடித்தால் புத்தகம். பசை, நூல் எதுவும் வேண்டாம். ஒரு தடவை நீங்கள் தனியாகச் செய்து பழகிவிட்டுப் பிள்ளை முன்னால் செய்யுங்கள். நான் பழகாமல் செய்து கையில் விசிறிதான் மிஞ்சியது.

இன்னும் சின்னப் பிள்ளைகளுக்குத் தீப்பெட்டிப் புத்தகம். குடியாத்தம் தீப்பெட்டிக்குப் பேர்போன ஊர், பெட்டிக்குப் பஞ்சமில்லை. பெட்டிக்குள் அடங்கும் அகலத்தில் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, முன்னும் பின்னுமாக மடித்து, கடைசி மடிப்பைப் பெட்டியின் உள்ளே ஒட்டிவிட்டால் இழுக்க இழுக்கக் கதை வரும். குச்சிகளை எடுத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொடுங்கள், உரசும் பக்கத்தில் தாள் ஒட்டிவிடுங்கள்.

எதைப் பற்றி எழுதுவது என்று திகைக்க வேண்டாம். நடந்ததை எழுதட்டும். வேலூர்க் கோட்டைக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவளுக்குப் புத்தகமாக வந்தது. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் யாளியும் குதிரை வீரர்களும் நிற்கிறார்கள். ஒவ்வொரு தூணும் எழுத்தில்லாத பக்கம்தான். அதை விட அவளுக்குப் பிடித்தது, இந்தக் கோயிலில் ரொம்ப காலம் சாமி இல்லை, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981-இல்தான் கொண்டுவந்து வைத்தார்கள் என்று நான் சொன்ன செய்தி. "அதுவரைக்கும் சாமி வீடு யாருமே இல்லாம இருந்துச்சா?" என்று கேட்டாள். எட்டுப் பக்கத்தில் ‘வெளியூர் போன சாமி’ என்று செய்துவிட்டாள். நாலாம் பக்கத்தில் அகழித் தண்ணீர் சாமியைத் தேடி எட்டிப் பார்க்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் கரை தொட்டு வெள்ளம் போனபோது எடுத்த போட்டோக்களை அச்செடுத்து ஒட்டி இன்னொரு புத்தகம் செய்தோம். எப்போதும் மணலாகவே பார்த்த ஆற்றில் தண்ணீர் ஓடுவது சின்னவனுக்கு இன்றும் கற்பனைக் கதைதான். நம்ப மறுக்கிறான்.

எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம். பிள்ளை சொல்லச் சொல்ல நாம் எழுதிக் கொடுத்தாலும் சரி. அப்படி எழுதும்போது அது சொன்ன சொல்லையே எழுதுங்கள், ‘திருடிகினு’ என்றால் ‘திருடிகினு’. தான் சொன்னது அப்படியே தாளில் நிற்பதைப் பார்க்கும்போதுதான் எழுத்து எதற்கு என்று பிள்ளைக்கு உறைக்கும்.

சில நடைமுறைகள்

ஒரு வாரம் ஒரு புத்தகம், ஒரு நாள் விடுமுறை. தினம் இருபது நிமிஷம். வெவ்வேறு வயதில் இரண்டு பிள்ளை இருந்தால் படத்தைச் சின்னதும் எழுத்தைப் பெரியதும் எடுத்துக்கொள்ளட்டும். படத்தில் சின்னதுதான் பெரும்பாலும் ஜெயிக்கும், பெரியதுக்கு அதுவும் நல்லது.

தேதி, புத்தகத்தின் பெயர், பிள்ளை சொன்ன ஒரு வாக்கியம், இவ்வளவையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். வீட்டுக்கல்விப் பிள்ளைகள் பின்னால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்து தேர்வு எழுதலாம், 14 வயது ஆனபின் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். அதற்கு இந்த நோட்டு தேவைப்படாது. ஆனால் "ஒண்ணுமே கத்துக்கல" என்று நமக்கே பயம் வரும் ராத்திரிகளில் தேவைப்படும்.

ஏழு, எட்டு வயதாகியும் நேற்றுப் படித்த சொல் இன்று முற்றிலும் புதிதாகத் தெரிகிறது, எழுத்துகள் ஓயாமல் இடம் மாறுகின்றன, புத்தகத்தைக் கண்டாலே பிள்ளை அழுகிறது என்றால் முதலில் கண் பரிசோதனை. அதில் ஒன்றும் இல்லையென்றால் குழந்தை வளர்ச்சி மருத்துவரைப் பாருங்கள். வேலூரில் இருப்பவர்களுக்கு சி.எம்.சி. மருத்துவமனையில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புச் சிரமத்துக்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்து வருஷத்தைக் கடத்த வேண்டாம். அதுவரை படப்பேச்சையும் கூத்தையும் நிறுத்தாதீர்கள். எழுத்து வராத பிள்ளைக்குக் கதை வராது என்று எவரும் சொல்லவில்லை.

புத்தகம் கிழியும். ரசம் கொட்டும். செல்லோ டேப் சில வருஷத்தில் மஞ்சளாகி உதிரும் என்பதால் மெல்லிய தாளை மைதாப் பசையால் ஒட்டுகிறேன். குரங்குப் புத்தகத்தின் கடைசித் தாளை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டது. அதிலிருந்து அந்தக் கதை தினம் ஒரு மாதிரி முடிகிறது. நேற்று ராத்திரி தொப்பிகளை எல்லாம் குரங்கு ஆட்டிடம் விற்றுவிட்டது, பாக்கிச் சில்லறையை வியாபாரி இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறான்.